வீல் பிடிக்கிறவருக்கும் ஒரு கூரை வேணும்

நம்ம மாவட்டத்துக்குக் கடல் இருக்குங்கிறது உங்கள்ல எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? புதுக்கோட்டைன்னு சொன்னதும் சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, ஜல்லிக்கட்டு, கருவேலங்காடு, இதோட நம்ம லிஸ்ட் முடிஞ்சிடுது. ஆனா அறந்தாங்கியைத் தாண்டி கிழக்கே போனா கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல்னு சுமார் 40 கிலோமீட்டருக்குக் கடற்கரை இருக்கு. விசைப்படகு, நாட்டுப்படகு, ஃபைபர் படகுன்னு அங்க ஒவ்வொரு வீட்டுச் சோறும் ஏதோ ஒரு படகுலதான் இருக்கு.

இந்தக் கட்டுரை ஒரு படகைப் பற்றியது. அந்தப் படகு நம்ம கடற்கரையில் கிடையாது. பேரு பைலட்ஹவுஸ் பாய்மரப் படகு. நீண்ட தூரம், மாதக்கணக்கில், உடம்பு நோகாம கடல்ல போறதுக்காகவே கட்டுற படகு. "பணக்காரங்க உல்லாசமா போற படகு நமக்கு எதுக்கு?"ன்னு நீங்க கேட்கலாம். அந்தப் படகை வாங்கச் சொல்லி நான் எழுதலை. அதுக்குள்ள இருக்கிற ஒரு டிசைன் யோசனை நம்ம கோட்டைப்பட்டினம் படகுக்கு வரணும், அதைக் கொண்டு வர வேண்டிய ஆளுங்க நாமதான்னு சொல்லத்தான் எழுதறேன்.

அது என்ன படகு?

சாதாரண பாய்மரப் படகில் சுக்கான் பிடிக்கிறவர் பின்பக்கம் திறந்தவெளியில் உட்கார்ந்திருப்பார். வெயில், மழை, அலை தெறிக்கிற உப்புத் தண்ணி எல்லாம் அவர் மேலதான். பைலட்ஹவுஸ் படகில் மேல்தளத்தில் கொஞ்சம் உயரமா ஒரு கண்ணாடி அறை இருக்கும். அதுக்குள்ள இன்னொரு ஸ்டியரிங், எஞ்சின் கண்ட்ரோல், கடல் வரைபடம், ரேடியோ எல்லாம் கைக்கு எட்டுற தூரத்துல. நாலு பக்கமும் கடல் தெரியும். ரெண்டு படி இறங்கினா அடுப்பு, படுக்கை, கழிப்பறை. வெளியில புயல் அடிச்சாலும் உள்ளே இருக்கிறவர் நனையாம, தெளிவா யோசிச்சு படகை ஓட்டலாம். காற்று இருந்தா பாய், இல்லைன்னா எஞ்சின்.

பின்லாந்தின் நாட்டிகேட், இங்கிலாந்தின் ஃபிஷர் ரெண்டும் இந்த வகையில் பேர் பெற்ற படகுகள். அந்த ரெண்டாவது பேரைக் கொஞ்சம் கவனிங்க: ஃபிஷர். 1970களில் வந்த அந்தப் படகுகளின் உருவமே வடகடல் மீன்பிடிப் படகுகளைப் பார்த்து வந்ததுதான். உயர்ந்த அணியம், உருண்டையான பின்பக்கம், நடுவில் கண்ணாடி அறை எல்லாமே குளிர்கடலில் மீன் பிடித்தவர்கள் உயிர் பிழைக்க உருவாக்கின அமைப்பு. உல்லாசப் படகு கட்டினவங்க அதை எடுத்துக்கிட்டு மெத்தை போட்டாங்க. ஆக, மூலத்தில் இது பணக்காரர் யோசனையே கிடையாது, மீனவர் யோசனை.

சௌகரியம்னா சொகுசா?

நம்ம ஊர்ல "சௌகரியம்"ங்கிற வார்த்தைக்கு ஒரு கெட்ட பேர் இருக்கு. உழைக்கிறவன் சௌகரியம் கேட்டா சோம்பேறி. பஸ் டிரைவர் சீட், லாரி டிரைவர் கேபின், கட்டட வேலை செய்றவங்களுக்குக் கழிப்பறை எல்லாத்தையும் நாம கடைசியாத்தான் யோசிப்போம். படகும் அப்படித்தான்.

ஆனா கடலில் சௌகரியம் என்பது பாதுகாப்புக் கணக்கில் வர்ற விஷயம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கிற ஒருத்தரோட கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருக்கிறவர் அளவுக்கு மந்தமாயிடும்னு 1997லயே ஆய்வு செய்து காட்டியிருக்காங்க. நனைஞ்ச உடம்பு, எஞ்சின் சத்தம், டீசல் புகை, நாள் முழுக்க வெயில் எல்லாத்தையும் அதோட சேர்த்துக்கோங்க. விடிகாலை மூணு மணிக்கு எதிரில் வர்ற கப்பலோட விளக்கைப் பார்த்து, எந்தப் பக்கம் திருப்பணும்னு முடிவு எடுக்க வேண்டியவர் அந்த நிலைமையிலதான் இருப்பார். அவர் குடிச்சிருந்தா நாம திட்டுவோம். தூங்காம இருந்தா "கடின உழைப்பாளி"ன்னு பாராட்டுவோம். கடலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

நீண்ட பயணம் போனவங்க இதை நல்லா தெரிஞ்சு வெச்சிருக்காங்க. நம்ம பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும், கேரளத்தின் லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து இந்தியக் கடற்படையின் தாரிணி பாய்மரப் படகில் கிளம்பி, உலகத்தைச் சுத்தி, 2025 மே 29 அன்று திரும்பி வந்தாங்க. சுமார் 25,400 கடல் மைல். படகின் நீளம் 56 அடிதான். அதுவும் கோவாவில் உள்ள அக்வாரியஸ் கப்பல் கட்டும் தளத்தில் கட்டினது. ரெண்டே பேர், எட்டு மாதம். ஒருத்தர் தூங்கினா இன்னொருத்தர் விழிச்சிருக்கணும். தென்பெருங்கடலின் அலைகளில் ஒருத்தர் நிம்மதியா ரெண்டு மணி நேரம் தூங்க முடிஞ்சதா இல்லையாங்கிறதுலதான் அடுத்த நாள் ரெண்டு பேரோட உயிரும் இருந்திருக்கும். படுக்கை, உலர்ந்த துணி, சூடான சாப்பாடு மூணும் அந்தப் பயணத்தில் பாய்மரத்துக்குச் சமமான உபகரணங்கள்.

"அதெல்லாம் நேவி, நமக்கு அந்தப் பழக்கம் இல்லை"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு பழைய கதை. நம்ம கரைக்குக் கிழக்கே, பாக் நீரிணையைத் தாண்டினா யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறை. அங்க கட்டின 'அன்னபூரணி'ங்கிற பாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன்ங்கிற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகளோடு அது சூயஸ் கால்வாய் வழியா, அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. கரையில் கம்ப்யூட்டர் வெச்சு வரையாத கப்பல் அது, நம்ம மேஸ்திரிகள் கைக்கணக்கில் கட்டினது. நீண்ட தூரப் பயணம் இந்தக் கடலுக்குப் புதுசு கிடையாது.

இப்ப ஏன் இதைப் பேசணும்?

பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூணு நாள்தான் கடல். மத்த நாள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகு காலையில் போனா மறுநாள் காலையில் கரைக்கு வந்துடணும். ஒரே ராத்திரிதானேன்னு படகில் தங்குற வசதியைப் பற்றி யாரும் பெருசா கவலைப்படலை. விசைப்படகில் கேபின் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அது ஸ்டியரிங் வீலுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் கட்டின பெட்டி. உள்ளே டிரைவர் நிக்கலாம். மத்தவங்க வலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவுல கிடைச்ச இடத்துல படுக்கணும். கழிப்பறை பெரும்பாலான படகில் கிடையாது. ஃபைபர் படகில் கேபினே கிடையாது, வானம்தான் கூரை.

நிலைமை மாறின வருஷம் 2017. அந்த ஜூலையில் இலங்கை, இழுவை மடி போட்டு மீன் பிடிப்பதைச் சட்டப்படி தடை செய்தது. எல்லை தாண்டினா கைது, படகு பறிமுதல்ங்கிறது எப்படிப்பட்ட அடின்னு நம்ம கடற்கரைக் கிராமத்து நண்பர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அதே ஜூலையில் இங்க ஒரு திட்டம் வந்தது. பாக் விரிகுடா மாவட்டங்களான ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினத்தின் இழுவைப் படகுகளைக் கைவிட்டு, ஆழ்கடலில் தூண்டில் போட்டு சூரை மீன் பிடிக்கிற படகுகளுக்கு மாறுவது. 2,000 படகுகள் இலக்கு. தொடக்கத்தில் ஒரு படகுக்கு 80 லட்ச ரூபாய். அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி 10 சதவீதம் மீனவர் கையிலிருந்து.

எதிர்பார்த்த வேகத்தில் ஆட்கள் மாறலை. கடன், மீன் விலை, பழக்கமில்லாத தூண்டில் முறைன்னு காரணம் பல இருக்கு. எல்லாரும் அதைத்தான் பேசறாங்க. நான் இன்னொண்ணையும் சேர்க்கணும்னு சொல்றேன். ஒரு ராத்திரி கடல்ல இருந்து பழகின மனுஷனை "இனிமே வாரக்கணக்கில் கடல்லயே இரு"ன்னு சொல்றோம். அப்படின்னா படகு அவருக்கு வேலை செய்யற இடம் மட்டும் கிடையாது, வீடும்தான். அந்த வீட்டை யார் டிசைன் பண்ணினது? அதில் படுத்துப் பார்த்தது யார்? ஹாஸ்டல் ரூம்ல ஃபேன் சரியா சுத்தலைன்னா நாம வார்டன்கிட்ட போய் நிக்கிறோம். அவர் யாருகிட்ட போவார்?

அப்படியே தூக்கி வைக்க முடியுமா?

முடியாது. இங்கதான் இன்ஜினியரிங் வருது. குளிர்நாட்டுக் கண்ணாடி அறையைப் பாக் விரிகுடா வெயிலில் கொண்டுவந்து வெச்சா, அது இட்லிக் குண்டான். அங்க பிரச்சினை குளிர். இங்க பிரச்சினை வெயில், புழுக்கம், உப்பு. அதனால நமக்கு வேண்டியது வேற மாதிரி: நடுவில் காற்று போகிற மாதிரி இரட்டைக் கூரை, எதிரெதிரே திறக்கிற ஜன்னல்கள், மேல்பக்கம் முன்னோக்கிச் சாய்ந்த கண்ணாடி. கண்ணாடியை அப்படிச் சாய்ச்சா பளபளப்பு கீழ்நோக்கிப் போயிடும், பார்வை தெளிவா இருக்கும். பெரிய கப்பல்களின் முகப்பில் பார்த்திருப்பீங்களே, அதேதான்.

அடுத்தது காற்று. ஒரு கேபினின் பக்கவாட்டுப் பரப்பு 6 சதுர மீட்டர்னு வெச்சுக்குவோம். 25 நாட் காற்று, அதாவது நொடிக்கு சுமார் 13 மீட்டர். அரை இன்ட்டு காற்றின் அடர்த்தி இன்ட்டு வேகத்தின் வர்க்கம்னு முதல் வருஷம் படிச்சோமே, அதைப் போட்டா சதுர மீட்டருக்கு சுமார் 100 நியூட்டன். மொத்தம் 600 நியூட்டன், கிட்டத்தட்ட 60 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுற மாதிரி. காற்று ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு, 240 கிலோ. விசைப்படகு இதைத் தாங்கும். சின்ன ஃபைபர் படகில் இதைக் கட்டினா கவிழ்த்துடும். அதுக்கு ஒரு சதுர மீட்டருக்குள்ள அடங்குற, மடக்கி வைக்கிற தார்ப்பாய் கூரையே போதும். அதே காற்றில் அதன் மேல் வர்றது 10 கிலோ விசைதான்.

மூணாவது எடை. உயரத்தில் எடை ஏத்தினா படகு ஆடுற விதம் மாறும். இதை அளக்க லேப் வேண்டாம், ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். அமைதியான தண்ணியில் படகைப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டு, ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை விநாடி ஆகுதுன்னு பாருங்க. படகின் அகலத்தை 0.8ஆல் பெருக்கி, அந்த விநாடியால் வகுத்து, வர்ற விடையை வர்க்கம் பண்ணினா மெட்டாசென்ட்ரிக் உயரம் தோராயமா மீட்டரில் கிடைக்கும். அகலம் 4.5 மீட்டர், ஆட்டம் 4 விநாடின்னா சுமார் 0.8 மீட்டர். கேபின் கட்டின பிறகு ஆட்டம் 5 விநாடியானா 0.52. நிமிர்ந்து நிற்கிற பலம் மூணில் ஒரு பங்கு போயிடுச்சு! "படகு சோம்பலா ஆடினா ஆபத்து"ன்னு அனுபவசாலிகள் சொல்றதுக்குப் பின்னாடி இருக்கிற ஃபார்முலா இதுதான். அதனால கேபின் லேசா இருக்கணும், மேல ஏத்தின எடைக்கு ஈடா கீழே எடை போடணும்.

இதுல ஒரு முரண் இருக்குங்கிறதையும் ஒத்துக்கணும். அதிகமா நிமிர்ற படகு வெடுக்கு வெடுக்குன்னு ஆடும், உள்ளே இருக்கிறவங்களுக்கு வாந்தி வரும். மெதுவா ஆடுற படகு சுகமா இருக்கும், ஆனா பத்திரம் குறையும். படகு வடிவமைப்பாளர் டெட் ப்ரூவர், பாதி விளையாட்டா, படகின் எடை, நீளம், அகலத்தை வெச்சு சௌகரியத்துக்கே ஒரு எண் கண்டுபிடிச்சார். இன்னைக்கும் நீண்ட பயணப் படகு வாங்குறவங்க அந்த எண்ணைப் பார்க்கிறாங்க. சுகத்தையும் பத்திரத்தையும் ஒண்ணா வெச்சு ஒரு முடிவுக்கு வர்றதுதானே டிசைன்?

பைலட்ஹவுஸ் படகிலிருந்து எடுத்துக்க இன்னொண்ணும் இருக்கு: பாய். எஞ்சினை ஓரங்கட்ட வேண்டாம். பின்பக்கம் ஒரு சின்னப் பாய் கட்டினாலே படகு பக்கவாட்டில் ஆடுறது குறையும். பல நாட்டு மீன்பிடிப் படகுகளில் இது இருக்கு. வாடை எப்ப வீசும், கொண்டல் எப்ப திரும்பும், சோழகத்துல எப்படிப் போகணும்னு சொல்லத் தெரிஞ்ச தாத்தாக்கள் இன்னும் நம்ம ஊர்களில் இருக்காங்க. அவங்க சொல்றதைக் குறிச்சு வெக்கிறதே ஒரு ப்ராஜெக்ட்தான்.

எதிர்க் கேள்விகள்

"பணத்துக்கு எங்க போறது?" நியாயமான கேள்வி. 80 லட்ச ரூபாய் படகில், தூங்குற இடமும் கழிப்பறையும் நல்ல ஜன்னலும் வரைபடத்திலேயே இருந்தா பெரிய செலவு ஆகாது. கட்டி முடிச்ச பிறகு சேர்க்கிறதுதான் செலவு. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2016இல் 'சாகர் ஹரிதா'ன்னு ஒரு படகை வெளியிட்டது. எரிபொருள் மிச்சம், சோலார் விளக்கு, அதோட வேலை செய்றவங்க தங்குற இடத்தையும் மேம்படுத்தின டிசைன். அரசு நிறுவனமே இதை டிசைன் கணக்கில் சேர்த்திருக்கு. ஆக இது நடக்காத கனவு இல்லை.

"அவங்களுக்குப் பழகிடுச்சுப்பா." இந்தப் பதில்தான் எனக்குக் கோபம் வர்ற இடம். பழகிடுச்சுன்னா வலிக்கலைன்னு அர்த்தமா? முதுகு வலி, உப்புப் புண், கண் எரிச்சலோட 45 வயசுல கடலை விட்டு கரையில் உட்கார்ந்துட்ட எத்தனை மாமாக்களை உங்களுக்குத் தெரியும்? பழகினவங்க கேட்க மாட்டாங்க. அதனாலதான் படிச்சவங்க கேட்கணும்.

"மீனவர்கள் ஒத்துக்குவாங்களா?" நாம ஏசி ரூம்ல வரைஞ்சு கொண்டுபோய்க் கொடுத்தா ஒத்துக்க மாட்டாங்க, ஒத்துக்கவும் கூடாது. வலை இழுக்க இடம் குறைஞ்சா எந்த கேபினும் வேண்டாம்னுதான் சொல்வாங்க. அவங்க சொல்ற இடத்துல ஆரம்பிச்சா பேச்சு வேற மாதிரி போகும்.

நாம என்ன பண்ணலாம்?

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில், பழுது பார்க்கிற நேரம். மேஸ்திரி இருப்பார், ஓனர் இருப்பார், டிரைவர் இருப்பார். பேசவும் அளக்கவும் இதைவிட நல்ல நேரம் கிடையாது. அறந்தாங்கியிலிருந்து பஸ் இருக்கு.

மெக்கானிக்கல் நண்பர்களே, எஞ்சின் பக்கத்தில் எத்தனை டெசிபல் சத்தம், கேபினுக்குள் எத்தனை டிகிரி சூடுன்னு அளந்து எழுதுங்க. சிவில்காரங்க அந்த இரட்டைக் கூரையை லேசான பொருளில் வரைஞ்சு பாருங்க. ட்ரிபிள்-ஈ, ஈசிஈ ஆளுங்களுக்கு: 6 சதுர மீட்டர் கூரையில் சுமார் ஒரு கிலோவாட் சோலார் பேனல் வைக்க இடம் இருக்கு. ரேடியோ, ஜிபிஎஸ், விளக்கு, ரெண்டு ஃபேனுக்கு அது தாராளம். உப்புக் காற்றில் அது எத்தனை நாள் தாங்கும்னு கண்டுபிடிக்கிறது உங்க வேலை. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளுங்க ஒரு ஆப் எழுதாம இருந்தாலே பெரிய உதவி. போய் அவங்க தூக்கக் கணக்கை ஒரு வாரம் குறிச்சுக் கொடுங்க, அந்த டேட்டாதான் இதுக்கெல்லாம் அடிப்படை.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுன்னு வருஷா வருஷம் ஸ்மார்ட் குப்பைத் தொட்டியும், ஆட்டோமேட்டிக் தண்ணி மோட்டாரும் செய்யறோம். ரிவ்யூ முடிஞ்சதும் அது லேப் பரண்மேல ஏறிடுது. நம்ம மாவட்டத்திலேயே ஒரு முழுக் கடற்கரை, சரியா தூங்காத மனுஷங்களோட, ஒரு நல்ல டிசைனுக்காகக் காத்திருக்கு. நம்ம வகுப்பிலேயே அந்தக் கடற்கரையிலிருந்து வர்ற பசங்க இருக்காங்க. அவங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க. "உங்க அப்பா கடலுக்குப் போனா எங்கடா தூங்குவார்?"னு நாளைக்கு லஞ்ச் டைம்ல கேளுங்க. பதிலை ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோட முதல் பக்கம் அதுதான்.